கூப்பனின் இரண்டாவது வரி

என் பேர் அச்சில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தபோது வயது அறுபத்தெட்டு. அதற்கு முன்னால் அப்படி ஒரு ஆசை வந்ததில்லை. ரேஷன் கார்டிலும் ஓட்டு லிஸ்டிலும் பேர் இருக்கத்தான் செய்தது. அதெல்லாம் சர்க்கார் போட்டது, நான் கேட்டுப் போட்டதில்லை. நான் செய்த ஒரு காரியத்துக்குப் பக்கத்தில், இதைச் செய்தவள் இவள் என்று வர வேண்டும். அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. பார்த்தும் விட்டேன். அது எப்படி வந்தது, வந்தபோது அதில் என்ன மிச்சம் இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் தெரு சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கால்வாய்க்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருத்தியாவது பீடி சுற்றுவாள். நான் பன்னிரண்டு வயதில், இலையும் தூளும் பரப்பிச் சுற்றுகிற முறமான சுளவை மடியில் வைத்தேன். இன்னும் இறக்கவில்லை. பள்ளிக்கூடம் போனதில்லை. நாற்பது வயதுக்கு மேல், கோயில் மண்டபத்தில் சாயங்காலம் ஒரு பெண் வந்து எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று மாதம். அதற்குள் அவள் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். அதனால் என் படிப்பும் அந்த அளவோடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பேரை நான் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. மூன்று மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் எழுத்தையும் பிடித்தவள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான்.

எதிர்வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது சின்னவள். எட்டாவது வரை படித்தவள். தோழி என்று சொல்ல இப்போது வாய் வரவில்லை, எதிர்வீட்டுக்காரி என்றே சொல்லிக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருஷம் அவள் வீட்டுத் தார்சாவில்தான் உட்கார்ந்து சுற்றினோம். வாசலை ஒட்டிய முன்னறை அது, நல்ல வெளிச்சம், ஆறேழு பேர் வட்டமாக உட்காரலாம்.

அவளுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. நாங்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம். எழுதவும் மாட்டோம். என் புருஷன் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, இப்போதும் என் வாயில் அந்தப் பேர் வராது. சொன்னால் என்ன ஆகிவிடும் என்று என் மகள் கேட்பாள். ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். சொல்லிப் பழகவில்லை, அவ்வளவுதான். அதனால் எந்த ஆபீஸுக்குப் போனாலும் நானும் எதிர்வீட்டுக்காரியும் சேர்ந்துதான் போவோம். என் புருஷன் பேரை அவள் சொல்லுவாள், அவள் புருஷன் பேரை நான் சொல்லுவேன். மண்டபத்தில் எழுத்துப் படித்த பிறகு எழுதவும் ஆரம்பித்தேன். நான் முதல் முதலில் முழுசாக எழுதிய பேர் அவள் புருஷன் பேர்தான். அவளுடைய ரேஷன் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினேன். என் பேரைக்கூட அதற்கப்புறம்தான் எழுதிப் பழகினேன்.

ஒரு தடவை கிராம ஆபீஸில் இருந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, அந்தம்மா புருசன் பேர நீ சொல்லுத, ஒம் புருசன் பேர அந்தம்மா சொல்லுதாவ. ஆள மாத்திக்கிட்டீயளா?"

எதிர்வீட்டுக்காரி விடவில்லை. "பேர மட்டுந்தான் சார் மாத்திக்கிட்டோம். வடிச்சுக் கொட்டுதது அவ அவ ஆளுக்குத்தான்" என்றாள். ஆபீஸே சிரித்தது. வரும் வழியெல்லாம் நாங்களும் சிரித்துக்கொண்டு வந்தோம். அப்படி இருந்தோம்.

பீடிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வரும். கடை அண்ணாச்சி படித்து முடித்ததும் அதில் கூட வரும் சின்னப் புத்தகத்தை எதிர்வீட்டுக்காரி கேட்டு வாங்கி வருவாள். இலையும் தூளும் வாங்கப் போகிறவள் அவள், சுற்றினதைக் கொடுக்கப் போகிறவளும் அவள். என் முழங்காலுக்கு அவ்வளவு தூரம் ஆகாது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு எழுத்துப் புதிர் வரும். ஆறு சொல் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். சரியாக அடுக்கிக் கீழே உள்ள கட்டங்களில் எழுத வேண்டும். சில கட்டங்களுக்கு வட்டம் போட்டிருப்பார்கள். வட்டத்துக்குள் விழுந்த எழுத்துகளை மட்டும் தனியாக எடுத்து இன்னொரு தடவை மாற்றி அடுக்கினால், பெரியவர் யாரோ சொன்ன ஒரு வாசகம் வரும்.

ஒரு நாள் அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பட்கடிருப்... என்ன எழவுக்கா இது, பட்கடிருப்!"

"காட்டு பாப்போம்" என்று வாங்கிப் பார்த்தேன். ப, ட், க, டி, ரு, ப். நான் கூட்டிப் படிக்கிறவள் ஆயிற்றே, எனக்கு அது ஒரு சொல்லாகவே தெரியவில்லை. ஆறு எழுத்து தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"கருப்பட்டி" என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "யக்கா! எப்படிக்கா?"

எப்படி என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். படித்தவர்கள் ஒரு சொல்லைப் பார்த்ததும் முழுசாகப் படித்துவிடுகிறார்கள். பட்கடிருப் என்று ஒரு தடவை படித்துவிட்டால் அந்தச் சத்தம் அவர்கள் தலையை விட்டுப் போகாது. எனக்கு எந்தச் சொல்லுமே அப்படித்தான், தனித்தனி எழுத்தாகத்தான் வரும். அதில் இது ஒன்றும் புதிதில்லை.

அன்றைக்கே ஒரு வழியும் கண்டுபிடித்தேன். பீடி இலை வெட்டும்போது ஓரத்தில் கழியும் துண்டுகள் ஈரமாக, வெற்றிலை மாதிரி மெத்தென்று இருக்கும். அதில் கத்திரி முனையால் கீறினால் எழுத்து வெளுப்பாகத் தெரியும். துண்டுக்கு ஒரு எழுத்து. அதைச் சுளவின் ஒரு மூலையில் போட்டுக்கொள்வேன். கை பாட்டுக்குப் பீடி சுற்றும், கண் அந்த மூலையில் இருக்கும். ஒரு பீடி முடித்து அடுத்த இலையை எடுக்கும் இடைவெளியில் ஒரு துண்டை நகர்த்தி வைப்பேன். சில நாளில் சிலது பிடிபட்டது. புள்ளி வைத்த எழுத்து முன்னால் வராது. அதற்குத் தன் ஜாதியில் ஒரு துணை பக்கத்திலேயே இருக்கும். ப் வந்தால் ப எங்கே என்று தேடு, ட் வந்தால் டி எங்கே என்று தேடு. இரண்டையும் ஒட்டி வைத்தால் பாதி வேலை முடிந்தது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வாசகம்தான் கஷ்டம். இருபது எழுத்து, சில வாரம் இருபத்தைந்து எழுத்து வரும். இரண்டு நாள்கூட ஆகும். முதல் தடவை அது கூடி வந்தபோது சுளவில் இருந்த தூள் எல்லாம் கொட்டிப்போகிற அளவுக்கு எழுந்து நின்றுவிட்டேன். உழைப்பைப் பற்றி யாரோ சொன்னது. சொன்னவர் யார் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அவர் சொன்னதைக் கலைத்துப் போட்டிருந்தார்கள், நான் எடுத்து அடுக்கினேன். அவருக்கு அடுத்தபடி அது எனக்குத்தான் என்று தோன்றியது.

"யக்கா, அனுப்புனா பேரு போடுவாங்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "சரியா எழுதுனவங்க எல்லாத்தையும் குலுக்கிப் போட்டுப் பத்துப் பேரு எடுப்பாங்களாம்."

பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது, பேர் மட்டும்தான். அப்போதுதான் அந்த ஆசை வந்தது.

பக்கத்தின் அடியில் கத்தரித்து அனுப்ப ஒரு கூப்பன். முதல் வரியில் பேர். இரண்டாவது வரியில் த.பெ. அல்லது க.பெ., அதாவது தகப்பன் பேர் அல்லது கணவன் பேர். மூன்றாவது வரியில் ஊர். என் எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும், கட்டத்துக்குள் அடங்காது. அதோடு இரண்டாவது வரி வேறு இருக்கிறது. "நீயே எழுதிரு" என்று அவளிடம் கொடுத்தேன். என் கண் முன்னால்தான் எழுதினாள். என் பேர், என் புருஷன் பேர், ஊர். கவரில் போட்டு, பஸ் ஸ்டாப் பக்கத்தில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரம் என் பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மூன்றாவது வாரம், "வேலையெல்லாம் முடிச்சிட்டு ராத்திரி எழுதிக்கிடுதேன்க்கா, நீ போ" என்றாள். அதற்கப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. நான் விடையைச் சொல்லுவேன், அவள் ஒரு தாளில் குறித்துக்கொள்வாள். மற்றதெல்லாம் அவள் பொறுப்பு. புதன்கிழமைக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும், வியாழக்கிழமை தபால். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசலில் நிற்பேன்.

"வரலக்கா."

"நல்லாப் பாத்தியாட்டி?"

"பாத்தேன்க்கா. விடை சரிதான். குலுக்கல்ல விழல. நூத்துக்கணக்குல எழுதுவாங்கள்ளா."

புதிர்ப் பக்கத்தை மட்டும் கத்தரித்து என்னிடம் தருவாள். போன வாரத்து விடையும் பேர்களும் உள்பக்கத்தில் வரும். அதை நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. என் புருஷன் பேரையே அவள் வாயில் கொடுத்து வைத்திருந்தவள் நான்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. எனக்குத்தான் ராசி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் ஆற்றுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்து விடை சொன்னேன். இன்னொரு வாரம் கவரை அம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் போடச் சொன்னேன். "செய்யுதேன்க்கா" என்றாள். செய்தும் இருப்பாள். அவளுக்குச் சாமி பயம் உண்டு.

போன வருஷம் மழை முடிந்த சமயம் அவள் காய்ச்சலில் படுத்தாள். மூட்டுக்கு மூட்டு வலி, எழுந்திருக்க முடியவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தது நான்தான். கடைக்குப் போக ஆள் இல்லை. முழங்காலுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு பைய நடந்து நானே போனேன்.

கடை அண்ணாச்சி இலையை எடைபோட்டுக் கட்டினார். சின்னப் புத்தகத்தையும் எடுத்து மேலே வைத்தார்.

"என்ன பெரியம்மா, நீங்க வந்திருக்கீய? நம்ம புதிர்க்காரிக்கு இன்னும் காய்ச்சல் விடலியோ?"

"யாரு புதிர்க்காரி?" என்றேன்.

"ஒங்க எதிர்வீடுதான். இந்த வாரமும் அவ பேரு வந்திருக்கு. பெரிய மூளைக்காரியால்லா இருக்கா. பீடி சுத்துத பொம்பளைக்கு இவ்வளவு அறிவான்னு எல்லாருட்டயும் நான் சொல்லுவேன்."

கடைக்கு வெளியே வந்து, இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தின் உள்பக்கத்தைத் திறந்தேன். போன வாரத்து வாசகம் இருந்தது. நான் அடுக்கினது அப்படியே எழுத்துக்கு எழுத்து இருந்தது. அதன் கீழே பத்துப் பேர். நான் ஒவ்வொரு பேராகக் கூட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது பேரின் முதல் எழுத்து என் பேரின் முதல் எழுத்து இல்லை. அவளுடையது. அடுத்த எழுத்தும் அவளுடையது. அதற்கு மேல் கூட்டத் தேவையில்லை, ஆனாலும் கூட்டினேன். கடைசி எழுத்து வரை கூட்டினேன். பேருக்குப் பின்னால் க.பெ. என்று போட்டு அவள் புருஷன் பேர். அந்தப் பேரை எனக்குக் கூட்டாமலே படிக்க வரும். அச்சில் நான் கூட்டாமல் படித்த ஒரே பேர் அதுதான்.

இலைக்கட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். வழியில் ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

அவள் பாயில் சுருண்டு படுத்திருந்தாள். புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன். பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத்தன தடவட்டி?"

போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள்.

"கேக்கேம்லா. எத்தன தடவ வந்துச்சு?"

"ஒம்பது இருக்கும்க்கா."

"அனுப்புனது?"

"எல்லா வாரமுந்தான்."

"எல்லா வாரமும் ஒம் பேர்லயா?"

"மூணாவது வாரத்துலேர்ந்து." திரும்பி என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. காய்ச்சலா அழுகையா தெரியவில்லை. "ஒம் பேரு ரெண்டு வாரமும் விழல. எம் பேரப் போட்டா விழுதான்னு பாப்பமேன்னு போட்டேன்க்கா. சத்தியமா அதுக்குத்தான். விழுந்துட்டு. ஒன்கிட்ட காட்டணும்னு கத்தரிச்சி எடுத்தும் வச்சேன். அதுக்குள்ள அண்ணாச்சி அத போட்டோ எடுத்து கோயம்புத்தூருக்கு அனுப்பிட்டாரு."

அவள் மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பண்ணுவான், அதுவும் அவன் அப்பாவிடம்தான் பேசுவான்.

"அன்னைக்கு எனக்குப் போன் வந்துச்சுக்கா. எனக்கு. 'எம்மா, நீ இவ்வளவு படிச்சவளா, எனக்குத் தெரியாதே'ங்கான். மருமக வாங்கிப் பேசுதா. அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழம ஆனா கேக்கான், 'எம்மா, வந்துச்சா'ன்னு. நான் என்னக்கா செய்ய?"

"என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

விட்டிருப்பேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அவள் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் ஒரு பேர், இரண்டு பேர் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்டு வாங்குகிறது வேறு. வாசலில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்துச்சாட்டி என்று கேட்டவளிடம், வரலக்கா என்று நூறு வாரம் சொன்னது வேறு.

அதற்கு மேல் ஒன்று என் நெஞ்சில் நின்றது. அதைத்தான் கேட்டேன்.

"ரெண்டாவது வரியில யாரட்டி எழுதச் சொன்னே?"

அவள் பாயின் ஓரத்தை நிமிண்டினாள்.

"ஒம் புருசன் பேர ஒங் கையாலயே எழுதுனியா?"

"வேற எப்படிக்கா எழுத?"

அவள் பேரைப் போட்டது எனக்கு ஒரு அடி. இது இரண்டாவது அடி. மேலே சொன்னேனே, அந்த ஏற்பாடு எங்களுக்குள் சாமி காரியம் மாதிரி இருந்தது. கிராம ஆபீஸில், ஆஸ்பத்திரியில், அவள் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தபோது, எங்கே அந்தப் பேர் வேண்டும் என்றாலும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். பிரசவ வார்டில் வலியோடு வலியாக, நர்ஸிடம், "அக்கா வரட்டும், அக்கா சொல்லுவா" என்று சொன்னவள். என் வாயையும் கையையும் அவள் இரண்டு வருஷமாக வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள், நான் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. அதே இரண்டு வருஷத்தில், முதியோர் பென்ஷன் விஷயமாகப் போனபோதும் வங்கிக்குப் போனபோதும், ஒன்றும் தெரியாதவள் மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அவள் புருஷன் பேரை எடுத்துச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாசகங்கள் எல்லாம் புத்திமதிதான். உண்மையாய் இரு, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்கிற மாதிரி ஒன்று வந்தது. அதை நான் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. "நல்லாச் சொல்லியிருக்காருல்லாக்கா" என்று அவள் தலையை ஆட்டிக் கேட்டாள். அந்த வாரமும் தன் பேரில்தான் அனுப்பியிருக்கிறாள்.

கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கழுவி மறுபடியும் அவளுக்கே கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், காய்ச்சல் நிற்கும் வரைக்கும். பேசவில்லை. தெருவில் யாரிடமும் சொல்லவும் இல்லை. என் பேரைத் திருடிக்கொண்டாள் என்று இந்த வயதில் தெருவில் நின்று கத்துவதா? யார் நம்புவார்கள்? எட்டாவது படித்தவள் அவள், பஸ் போர்டு படிக்கத் திணறுகிறவள் நான். சொன்னால் பொறாமை என்பார்கள். நான் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கிறவள் இல்லை.

பீடியை என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சுற்றினேன். முழங்கால் வலித்தாலும் ஞாயிற்றுக்கிழமை நானே கடைக்குப் போனேன். விடையை என் பெரிய எழுத்திலேயே ஒரு முழுத் தாளில் எழுதிக் கூப்பனோடு சேர்த்து ஊசியால் குத்தினேன். கூப்பனில் என் பேரையும் எழுதினேன். கடைசி இரண்டு எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இரண்டாவது வரிக்கு அண்ணாச்சியிடம் போனேன்.

"என்ன பேரு பெரியம்மா?" என்று பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

ரேஷன் கார்டை நீட்டி, விரலை வைத்துக் காட்டினேன். இப்போது கார்டு சின்னதாகிவிட்டது, எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. அவர் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து எழுதினார். அந்நிய மனுஷன் ஒருத்தர் கை என் புருஷன் பேரை எழுதுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு என்னவோ போல் இருந்தது.

"நீங்களும் புதிர் போடுதீயளா? பரவாயில்லையே. அவகிட்ட காட்டிச் சரிபாத்தீயளா?" என்றார்.

"பாக்கல" என்றேன்.

ஆறு வாரம் அனுப்பினேன். ஆறாவது வாரத்து விடை வந்த புத்தகத்தில், பேர் வரிசையில் எட்டாவதாக என் பேர் இருந்தது. கடை வாசலில் நின்றே கூட்டினேன். முதல் எழுத்து என்னுடையது. இரண்டாவது எழுத்தும். நடுவில் ஒரு எழுத்தைத் தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான்தான். என் பேர், என் புருஷன் பேர், எங்கள் ஊர். மேலே நான் அடுக்கின வாசகம். நான் நினைத்த மாதிரியே, ஒரு காரியத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த இடத்தில் நின்ற கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அன்றைக்குச் சுளவை எடுத்துக்கொண்டு அவள் தார்சாவுக்கே போனேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் எழுந்து நடமாட ஆரம்பித்து, பழையபடி சுவரோரம் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு பேர் இருந்தார்கள். புத்தகத்தை நடுவில் விரித்து வைத்தேன். எல்லோரும் பார்க்கட்டும். முக்கியமாக அவள் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, இதுவரைக்கும் வந்ததும் இந்த அக்கா கண்டுபிடித்ததுதான் என்று ஒரே ஒரு வார்த்தை அவள் வாயால் வரட்டும். அதற்காகத்தான் போனேன். அது மட்டும் வந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் நான் விழுங்கியிருப்பேன்.

மேலத்தெருவிலிருந்து வருகிறவள் குனிந்து படித்தாள். "எக்கா, இது நீயா! ஒனக்கு எழுத்துக் கூட்டத்தானக்கா தெரியும்?"

"கூட்டுனா போதும்" என்றேன்.

"முப்பது வருசமா இவ பக்கத்துல ஒக்காந்திருக்காள்ளா, அதான் ஒட்டிக்கிட்டு" என்றாள் இன்னொருத்தி.

"குருவுக்கு என்னக்கா தட்சணை குடுத்தே? ஒரு கட்டுப் பீடியாவது குடு" என்று மூன்றாமவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்பது தடவை எந்தப் பேர் வந்ததோ அதைத்தானே அவர்கள் கண்டார்கள். எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று அவர்கள் அதை என்னிடம் பேச்செடுத்ததும் இல்லை.

நான் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் குனிந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பீடிக்கு இரண்டு சுற்றுப் போதும். அவள் நாலு, ஐந்து என்று சுற்றிக்கொண்டே இருந்தாள்.

மேலத்தெருக்காரி அவளைத் தொடையில் தட்டினாள். "ஏளா, நீதான சொல்லிக் குடுத்தே? வாயத் தொறந்து சொல்லேன்."

அவள் நூலைக் கடித்து அறுத்தாள்.

"ஆமா. கொஞ்சம் கொஞ்சம் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

புத்தகத்தைத் திருப்பி, புதிதாக வந்திருந்த புதிரை அவள் பக்கம் தள்ளினேன்.

"அப்ப இதயும் சொல்லிக் குடுட்டி. இவங்க முன்னால சொல்லு. ஒரு சொல் போதும்."

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வேண்டாம்க்கா என்று அந்தப் பார்வையில் இருந்தது. "காய்ச்சல்லேர்ந்து கண்ணு மங்கலாத் தெரியுதுக்கா" என்றாள்.

"விடுக்கா, பாவம்" என்றாள் மேலத்தெருக்காரி. "சாகக் கெடந்து எந்திரிச்சிருக்கா. ஒனக்குப் பேரு வந்துட்டுன்னு அவள ஏன் இந்தப் பாடு படுத்துத?"

அவரவர் சுளவைப் பார்க்கத் திரும்பினார்கள். எழுந்து போயிருக்கலாம். போனால் கோபித்துக்கொண்டு போனேன் என்றாகும். எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, சுளவை மடியில் வைத்து, கழிவு இலையை எடுத்து எழுத்து கீற ஆரம்பித்தேன். ஆறு சொல்லும் மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. வட்டத்துக்குள் விழுந்தது இருபத்திரண்டு எழுத்து. பீடி சுற்றச் சுற்ற நகர்த்தினேன். வெயில் வாசல்படியைத் தாண்டிப் போன நேரம், கடைசித் துண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

வாசகம் கூடினால் அதை அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது என் வழக்கம். மற்றவர்களுக்கு அது தெரியாது, அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் துண்டை நகர்த்துவதை நிறுத்தியதும் அவள் கையும் நின்றது. தலையைத் தூக்கவில்லை. காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் அவள் கை தாளையும் பேனாவையும் தேடிப் பாய்க்கு அடியில் போய்விட்டு, பாதியில் திரும்பி வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. வாசகத்தை இன்னொரு தடவை, எழுத்து எழுத்தாக, உதடு அசையாமல் கூட்டிப் படித்தேன். நல்ல வாசகம். பிறகு துண்டுகளை வழித்துக் கழிவோடு போட்டுக் கலைத்துவிட்டு, அடுத்த இலையை எடுத்தேன்.